தவளைக்கு நான் ஊர் கண்டுபிடித்த கதை

ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் நான் முப்பத்தைந்தைத் தாண்டியதே இல்லை. ஆனால் வாழைத்தாரின் காம்பைப் பார்த்தால் அது யார் தோட்டத்துத் தார் என்று சொல்லிவிடுவேன். திருச்சி மார்க்கெட்டில் அப்பாவுக்கு வாழை மண்டி. ஒரே லாரியில் பத்துப் பேருடைய தார் கலந்து வரும். அதனால் ஒவ்வொரு விவசாயியும் காம்பின் வெட்டுமுனைக்குப் பக்கத்தில் அரிவாளால் தன் அடையாளத்தைக் கீறி அனுப்புவார். முசிறிக்காரர் ஒருவருக்கு இரண்டு கோடு, இன்னொருவருக்கு ஏணி. இவற்றையெல்லாம் கணக்கு நோட்டின் பின்பக்கம் வரைந்து வைத்து, டீச்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடம் அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் உறையூர் வீட்டில் தங்கித் தவளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தவளையைப் பற்றிப் படித்தால் பட்டம் கொடுப்பார்கள் என்பதை மார்க்கெட்டில் ஒருவரும் நம்பவில்லை. அவளுடைய தவளை கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் உண்டு என்று புத்தகங்கள் எல்லாம் சொல்லின. சித்தியோ, இரண்டு வருடத்துக்கு முன்பு கிழக்குத் தொடர்ச்சியில் இருக்கிற கொல்லிமலையில் ஒரு சாயங்காலம் அதன் குரலைக் கேட்டதாகச் சொன்னாள். கண்ணால் பார்க்கவில்லை, கையில் ரெக்கார்டரும் இல்லை. "ஏதாவது பூச்சி கத்தியிருக்கும்மா," என்று அவளுடைய பேராசிரியர் முடித்துவிட்டார். கொல்லிமலையை விட்டுவிட்டு ஆராய்ச்சியை எழுதி முடிக்கச் சொன்னார். அந்த மாதக் கடைசிதான் கெடு. வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பதா வேண்டாமா என்பதற்காக ஒருத்தி ஏன் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மண்டியில் மலைவாழைத் தார் ஒன்றின் சீப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஏதோ பாய்ந்து என் மூக்கில் ஒட்டிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் ஏலமே நின்றது. தட்டிவிட அப்பா கையை ஓங்கினார். தவளை என்று தெரிந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். ஒருவழியாக அது என் டிபன் டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் சித்தி டப்பாவைத் திறந்தாள். விரல் நுனியில் சின்னத் தட்டு, தொடையில் மஞ்சள் புள்ளி, மூக்கிலிருந்து ஓடும் கருங்கோடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனவள், சட்டென்று என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் கல்லூரியிலிருந்து நேராக மண்டிக்கு வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. "இனம் சரிதானாம் மாமா. எந்த ஊருன்னுதான் தெரியாதாம்," என்று அப்பாவிடம் சொன்னாள். "மார்க்கெட்டுக்குப் பழனி மலைத் தாரும் வருது, கொல்லிமலைத் தாரும் வருது. இது மேற்குத் தொடர்ச்சியில இருக்குற பழனி மலையிலேருந்து வந்திருந்தா அதுல என்ன புதுசுன்னு கேக்குறாங்க."

பேராசிரியர் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் கொடுமை. சனிக்கிழமை இரண்டு மலையிலிருந்தும் சரக்கு வந்தது, எந்தத் தார் எதுவென்று நினைவில்லை என்று அப்பா கையை விரித்தார்.

"காம்பைப் பாத்தா தெரிஞ்சிடும்ல?" என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை என் வாழ்நாளில் பெரியவர்கள் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மண்டிக் கணக்கைப் புரட்டியதில், அந்தத் தாரை ஸ்ரீரங்கத்துப் பழக்கடைக்காரர் ஒருவர் எடுத்துப் போயிருந்தார். அன்று அவர் எடுத்தது மூன்று பூவன், ஒரே ஒரு மலைவாழை. போன் அடித்தால் எடுக்கவில்லை. சித்தியும் நானும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. சித்தி நகத்தைக் கடித்தாள். நான் டிரைவரைத் திட்டினேன், மனசுக்குள்தான்.

கடையில் மலைவாழை மொத்தமும் விற்றுப் போயிருந்தது. "ஏம்மா, வெறும் காம்பைத் தேடியா பஸ் ஏறி வந்தீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். "இப்பதான் மாட்டுக்குப் போட்டேன். அதோ நிக்குது பாருங்க."

பக்கத்துச் சந்தில் ஒரு செவலைப் பசு காம்பில் பாதியை உள்ளே தள்ளியிருந்தது. வெட்டுமுனை மட்டும் வாய்க்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. சித்தி ஒரு சீப்புப் பூவன் வாங்கி அதன் முன்னால் நீட்டினாள். பசு யோசித்தது. சத்தியமாக யோசித்தது. பிறகு காம்பைக் கீழே போட்டது. நான் பாய்ந்து எடுத்து, எச்சிலைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மூன்று வெட்டு, அதற்கு மேல் ஒரு பெருக்கல் குறி.

"கொல்லிமலை!" என்று நான் கத்தியதில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு மாமிகள் திடுக்கிட்டு நின்றார்கள். "காது பெரிசா இருக்குமே, அந்தத் தாத்தா தோட்டம் சித்தி! என் நோட்டுல இருக்கு!"

நோட்டில் இருந்தது. அப்பாவும் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். டீச்சர் கிழித்துப் போடச் சொன்ன அந்தப் பக்கத்தைச் சித்தி பேராசிரியரின் மேஜைமேல், மாடு மென்ற காம்போடு சேர்த்து வைத்தாளாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரிம்மா, நேர்லயே போய்ப் பாத்துடுவோம்," என்றாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா, சித்தி, பேராசிரியர், நான் என்று நாலு பேரும் கொல்லிமலை ஏறினோம். ஊர் தெரிந்துவிட்ட தவளையும் காற்றுத் துளை போட்ட புட்டியில் எங்களோடு ஊர் திரும்பியது. மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும், உப்பு வைத்தால் விழுந்துவிடும் என்று சொல்லி அம்மா என்னிடம் ஒரு பொட்டலம் உப்பு கொடுத்திருந்தாள். வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தும் நான் அந்தப் பொட்டலத்தைக் கைவிடவில்லை.

பெரிய காதுத் தாத்தாவின் தோட்டத்தில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் ஒரு வாழை இலையின் மடிப்பிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தோட்டம் முழுக்க அதே சத்தம்.

"இதுக்கா வந்தீங்க? இது தினமும் கத்துமே," என்றார் தாத்தா.

பேராசிரியர் டார்ச் வெளிச்சத்தை ஓர் இலைமேல் நிறுத்தினார். என் மூக்கில் உட்கார்ந்ததன் அண்ணனோ தம்பியோ, தொண்டையைப் பலூன்போல ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் சித்தியின் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நீ கேட்டது இதைத்தாம்மா. நான்தான் நம்பலை," என்றார்.

நான் குதித்த குதியில் சேறு தெறித்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கொல்லிமலைக்குப் புள்ளி உண்டு! கணக்கில் முப்பத்தைந்து வாங்கியவள் ஜெயித்துவிட்டாள்!

தோளிலிருந்து இறங்கிப் பார்த்தால், சித்தி ஒரு கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்த நேரத்தில் யாராவது அழுவார்களா? எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அட்டை கடிச்சிடுச்சா சித்தி?"

அவள் அழுகையோடு சிரித்து, ஆமாம் என்று தலையாட்டினாள். நான் டார்ச்சை வாங்கி அவளுடைய இரண்டு கால்களிலும் முழங்கால்வரை தேடினேன். அட்டை இல்லை. கடித்துவிட்டு விழுந்திருக்கும் என்று முடிவு செய்து, எதற்கும் இருக்கட்டும் என்று பொட்டலத்தைப் பிரித்து, அத்தனை உப்பையும் அவள் பாதத்தில் கொட்டித் தேய்த்துவிட்டேன்.