மீரா லெப்பை அறுக்காத சிறகி

மீராமுகைதீன் லெப்பையை எங்கள் சம்மாந்துறையில் எல்லோரும் மீரா லெப்பை என்றுதான் சொல்வோம். ஊருக்குக் கோழி, ஆடு அறுத்துக் கொடுப்பவர் அவர். மெலிந்த ஆள், வாய் கொஞ்சம் கடுமை. கத்தியைப் பிராணியின் கண்ணில் காட்டமாட்டார். ஒன்று பார்க்க இன்னொன்றை அறுக்கமாட்டார். செத்த கோழியைச் சாக்கில் மறைத்துக்கொண்டு வந்தவனை, அவன் எவ்வளவு பெரிய மனிதனாக இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுவார். அவர் அறுத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். அப்படிப்பட்டவர் என் கலியாணத்துக்கு அறுக்க மாட்டேன் என்று சொன்னார். அந்தப் பெருமையைத்தான் எழுதுகிறேன்.

சிறகி என்பது குளத்துத் தாரா, ஒரு காட்டு வாத்து. பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும். அந்தக் கறி இல்லாவிட்டால் அது வயல் நிறைய வைத்திருக்கும் போடியார் வீட்டுக் கலியாணமே இல்லை என்பது எங்கள் பக்கத்து எண்ணம். தம்பிலுவில் பாக்கியராசா கண்ணி வைத்து உயிரோடு பிடித்து வருவார். சுட்டுக் கொண்டுவந்தால் நாங்கள் வாங்கமாட்டோம்; லெப்பையின் கத்திக்கு உயிரோடு வரவேண்டும். பிடித்தது அவர், தின்று தீர்த்தது நாங்கள். ஆகவே சிறகி குறைந்துபோன பழியை அவர் தலையில் கட்ட நான் விடமாட்டேன்.

அறுத்த சிறகிகளை இறகு பிடுங்கிச் சுத்தம் செய்வது லெப்பையின் மனைவி றாஹிலா மாமி. ஒரு தை மாதம் மாமி ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். கோப்பை நிறைய மஞ்சள் கருக்கள்.

"எல்லாம் இண்டைக்கு அறுத்ததுக்குள்ள இருந்ததுதான். பாருங்க," என்றார் மாமி.

அதற்குள் குளம் பாதியாகிவிட்டிருந்தது. பறவைகள் கூடு கட்டும் பன்புல்லை வெட்டி வயலாக்கினோம். வயலுக்கு அடித்த மருந்து வாய்க்கால் வழியே குளத்தில் இறங்கியது. வெள்ளை நெஞ்சுள்ள ஒரு சின்னத் தாரா முன்பு வரும். அது அடியோடு இல்லாமல் போயிற்று. "கடைசித் தாராவ அறுத்தது நானாக்கும்," என்று லெப்பை பள்ளிவாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். அந்த வருஷத்திலிருந்து மார்கழி, தை மாதங்களில் அவர் சிறகி அறுப்பதில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டு தையில் எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை மருதமுனை. என் வாப்பா முனாப் போடியார் கூடை கூடையாகச் சிறகி வாங்கி முற்றத்தில் இறக்கிவிட்டு லெப்பையைக் கூப்பிட்டார்.

"என்ட கை வராது போடியார்," என்றார் லெப்பை.

"ஹராமா இது?"

"ஹராம் எண்டு நான் சொல்லல்ல. முட்டையோட இருக்கிறத அறுக்க என்னால ஏலாது."

"அப்ப மாசியில சூடு அடிக்கக்குள்ள என்ட களவெட்டிப் பக்கம் வராதீங்க."

கதிர் அடிக்கும் களவெட்டியில் போடியார்மார் அளந்து கொடுக்கும் நெல்தான் லெப்பை வீட்டின் வருஷச் சோறு. "சரி போடியார்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். என் கலியாணச் சோற்றுக்காக அந்த வீட்டு அடுப்பு அணையப் போகிறதே என்று அழுதேன்.

வாப்பா வேறு ஆட்களைக் கேட்டார். லெப்பை வேண்டாம் என்றதை நாங்கள் எப்படித் தொடுவது என்று ஆளுக்கொரு சாட்டுச் சொல்லிக் கழன்றார்கள். வாப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லித் தானே கத்தியை எடுத்தார். வாழ்நாளில் ஒரு கோழிகூட அறுத்திராத கை. கத்தி வழுக்கிற்று. அரைகுறையாக அறுபட்ட சிறகி கையை விட்டுப் பாய்ந்து, இரத்தம் தெறிக்க முற்றமெல்லாம் துடித்து உருண்டது. கூடைகளில் இருந்தவை கத்தத் தொடங்கின.

வாப்பா தொப்பியில்லாமல், செருப்பில்லாமல் லெப்பை வீட்டை நோக்கித் தெருவில் ஓடியதை அன்றுதான் பார்த்தோம். லெப்பை வரமாட்டார் என்றே நான் நினைத்தேன். மறுபேச்சில்லாமல் வந்தார். சிறகியைப் பிடித்து, தடவி, கிப்லாவுக்குத் திருப்பி, ஒரே இழுப்பில் அதன் வேதனையை முடித்தார். அறுக்க மாட்டேன் என்றவர் அந்த ஒன்றை மட்டும் அறுத்தார். கத்தியைக் கழுவும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"இது ஹலால்தான். நீங்க திங்கலாம்," என்றார்.

வாப்பா முதல் கூடைக்கு முன்னால் குந்தி, ஒரு சிறகியின் கால் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவருக்குப் பிடிபடவில்லை. லெப்பை பக்கத்தில் இருந்து அவிழ்த்துக் கொடுத்தார். இருவரும் கூடை கூடையாக அவிழ்த்தார்கள். பின்னேரம் பாக்கியராசாவின் வண்டியிலேயே எல்லாம் குளத்துக்குத் திரும்பிப் போயின.

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் வாப்பா இருந்த சஹனில், பலர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெருந்தட்டில், தன் பக்கத்தில் லெப்பையை இருத்தினார் என் வாப்பா. மாட்டிறைச்சியும் கத்தரிக்காயும்தான் கறி. சம்பந்தி சஹனை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"போடியார் வீட்டுச் சிறகியத் திங்கத்தான் மருதமுனையில இருந்து பசியோட வந்த நான்," என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் திரைக்குப் பின்னால் இருந்த நான், ஊர் நிறைந்த சபையில் வாப்பா தலை குனிந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

வாப்பா நிமிர்ந்து இருந்தார். கடைசிச் சஹன் வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இது சிறகி முட்டையிடுற மாசம். இந்த மாசத்தில எங்கட லெப்பை அறுக்கமாட்டார்."

சம்பந்தி லெப்பையைப் பார்த்தார். பிறகு தன் பக்கத்தில் இருந்த நல்ல இறைச்சித் துண்டை எடுத்து லெப்பையின் பக்கமாக வைத்தார்.