வராது என்ற இடத்தில் வந்த பச்சை

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். பேனாவை எடுப்பேன். சாமி அலமாரியில் இருக்கும் வீரபாண்டி ஆத்தா படத்தைப் பார்ப்பேன். பேனாவை மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. இதில் ஒரு பாதியை எழுதினால் சாமிக்குக் குறை வைத்ததாகிவிடுமோ என்று பயம். அதை எழுதாமல் விட்டாலோ, எனக்குச் சோறு போட்ட வேலையைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும்.

சமீபத்தில் கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸில் வரும்போது, பின் சீட்டில் ஒருவர் பக்கத்து ஆளிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "போலீசுக்காரவுக வந்து கொட்டகை போட்டாக. ஆத்தா சுனையில பச்சை ரத்தமாப் பொங்கிட்டா. துப்பாக்கியப் போட்டுட்டு ஓடிட்டாக."

அங்கே ஒரு போலீஸ்காரர்கூட வரவில்லை. வந்தது நாங்கள் நாலு பேர், ஒரு ஜீப், ஒரு தண்ணீர் லாரி. இனியும் சும்மா இருக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

1. வந்த வேலை

எண்பதுகளின் தொடக்கம். நிலத்தடி நீர் பார்க்கும் அரசு ஆபீஸ் ஒன்றில் நான் பம்ப் ஆபரேட்டர். ராயப்பன்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். கரட்டுப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேண்டாம். அதற்கு மேற்கே இருந்த புறம்போக்கில் காவல் படைக்கு ஒரு பயிற்சி முகாம் கட்ட யோசனை வந்திருந்தது. துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம், பாரக்ஸ், மெஸ், எல்லாம் சேர்த்து ஆயிரம் பேர் தங்கும்படி. கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். காடு, மாடு, சத்தம் எல்லாம் பார்க்க வேறு ஆட்கள். தண்ணீர் மட்டும் எங்கள் பங்கு.

சுற்றுச்சூழல் ஆய்வு என்ற வார்த்தையையே அன்றைக்குத்தான் நான் கேள்விப்பட்டேன். எங்கள் ஜியாலஜிஸ்ட் கிரேஸ் மேடம். போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். அவரிடம் கேட்டேன்: "சுற்றுச்சூழல் ஆய்வுன்னா என்ன மேடம்?"

"புது வீட்டுக்குக் குடி போறதுக்கு முன்னாடி, நம்மளால பக்கத்து வீட்டுக்காரவுகளுக்கு என்ன தொந்தரவு வரும்னு நம்மளே போய்ப் பாக்குறது" என்றார்.

நல்ல வேலையாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஊரில் முகாமுக்கு எதிர்ப்பு இல்லை. உண்மையில் எல்லாரும் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முகாம் வந்தால் ரோடு வரும், வேலை வரும். அம்மன் கோயில் பூசாரி சென்றாயன் தன் மகன் முருகேசனுக்கு மெஸ்ஸில் சமையல் வேலை கிடைத்துவிடும் என்று உறுதியாக நம்பியிருந்தார். எங்களைக் கண்டாலே, "எப்பய்யா ஆரம்பிக்கிறாக?" என்றுதான் கேட்பார்.

2. செங்கல் தூள்

ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் கக்கூஸ் கழிவு எங்கே போகும் என்பதுதான் நாங்கள் பார்க்க வேண்டியது. முகாமின் சோக் பிட், அதாவது கழிவை மண்ணுக்குள் இறக்கும் குழி, வர வேண்டிய இடத்தில் ஒரு குழி வெட்டினோம். அதில் சாயப் பொடியைப் போட்டு லாரித் தண்ணீரை இறக்க வேண்டும். பிறகு சுற்றியுள்ள கிணறுகளிலும் ஓடையிலும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும். சாயம் எங்கே வருகிறதோ, நாளைக்குக் கழிவும் அங்கே வரும்.

அந்தப் பொடியை நான் முதலில் பார்த்தபோது செங்கல் தூள் என்றே நினைத்தேன். தண்ணீரில் விழுந்ததும் கிளிப்பச்சையாகத் தகதகத்தது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஊர்ல சொல்லிரலாமா மேடம்?"

"சொல்லக் கூடாது. சொன்னா ஆளாளுக்குப் பச்சையாத் தெரியும். பயப்படாதீங்க, குடிச்சாலும் ஒண்ணும் செய்யாது."

எங்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்த குருவம்மா தூக்குவாளியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அதற்குள் குழியை மூடியிருந்தோம். "லாரித் தண்ணிய மண்ணுல ஊத்துறீகளே. ஊருக்குள்ள ஊத்துனா நாங்க குளிப்போம்ல? அரசாங்கத்துக்கு மண்ணு மேலதான் பாசம்" என்றாள்.

ஊரின் குடிதண்ணீர் கோயில் சுனை. பாறை இடுக்கில் ஊறுவது, கோடையிலும் வற்றாது. அதிலும் ஒரு பாட்டில் எடுக்கலாமா என்று கேட்கப் போனேன். சென்றாயன் கையை விரித்தார். "காப்புக் கட்டியாச்சுய்யா. கோயில் பொங்கல் அன்னைக்குக் காலையில முதக் குடம் ஆத்தாளுக்கு மொண்டப்பறம்தான் மத்தவுகளுக்கு. அதுவரைக்கும் மூடுன கல்ல நான்கூடத் தொட மாட்டேன்." அந்த நாட்களில் ஊரே கீழத்தெரு உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது.

மேடம் வரைபடத்தைப் பார்த்தார். குழி கரட்டுக்கு மேற்கே, சுனை கிழக்கே. நடுவில் கரடு, அந்த மொட்டைப் பாறைக் குன்று, சுவர் மாதிரி நின்றது. "ஸ்லோப் முழுக்க இங்கிட்டு ஓடையப் பாத்துத்தான் போகுது. அங்கன வராது, விடுங்க" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. குறுக்கே கல்மலை நிற்கும்போது தண்ணீர் எப்படிப் போகும்?

மேற்குப் பக்கத்துக் கிணறுகளில் நாள் தவறாமல் பாட்டில் எடுத்தோம். ஓடையில் எடுத்தோம். வெறும் தண்ணீர். அத்தனை பொடியும் எங்கே போய்த் தொலைந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

3. முதல் குடம்

பொங்கல் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வேலைக்காகப் போகவில்லை, கும்பிடத்தான் போனேன். மேளம் அடித்தார்கள். சென்றாயன் கல்லை நகர்த்தி, பித்தளைக் குடத்தில் மொண்டு ஆத்தாளுக்கு ஊற்றினார். கல்சிலை மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கிளிப்பச்சையாக வழிந்தது.

"ஆத்தா பச்சை உடுத்திட்டாடீ!" என்று குருவம்மா கத்தினாள். குலவைச் சத்தம் கரட்டில் மோதித் திரும்பியது. இரண்டு பேருக்கு அருள் வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துக் கை தலைக்கு மேலே போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் பொடி நினைவுக்கு வந்தது. இந்த வரிசையை மாற்றாமல் சொல்கிறேன்: எனக்கு முதலில் சாமிதான் தெரிந்தாள், பிறகுதான் பொடி.

தீர்த்தம் வாங்கிக் குடித்தேன். பையில் கழுவி வைத்த பாட்டில் இருந்தது. "எங்க மேடத்துக்குக் கொஞ்சம் வேணும்" என்று நீட்டினேன்.

"வேதக்கார அம்மாவுக்கா?" என்று சென்றாயன் ஒரு கணம் யோசித்தார். "கேட்டவுகளுக்கு இல்லன்னு சொல்லக் கூடாது. பிடி."

4. செருப்பு

மேடம் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஜீப் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "கரட்டுக்குள்ள வெடிப்பு இருக்குய்யா! உள்ளுக்குள்ளயே பூந்து போயிருக்கு. நம்ம வரைபடத்தப் பாத்தா அது ஓடும்?"

ஜீப் டிரைவர் மெதுவாக, "பேசாம ரிப்போர்ட்ல எழுதிட்டுப் போயிருவோம் மேடம். திருவிழா நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார்.

"குடிக்கப்போறது அவுக. அவுககிட்ட சொல்லாம யார்கிட்டச் சொல்ல?" என்று எழுந்துவிட்டார்.

கோயில் முன்னால் கூட்டம். மேடம் ஒளிக்காமல் சொன்னார். குழி, பொடி, கரட்டின் வெடிப்பு, எல்லாம். சோக் பிட் அங்கே வந்தால் கழிவு இந்தச் சுனைக்கு வரும் என்றும் சொன்னார். மேளம் நின்றுவிட்டது.

"ஆத்தா தண்ணியில சாயம் கலந்தியளா?" என்று குருவம்மா முன்னால் வந்தாள். "சோத்தப் போட்ட வீட்டுலயே இப்படியா? வெசமோ என்னமோ, பிள்ளைக எல்லாம் குடிச்சிருக்குக!"

"வெசம் இல்லம்மா. என் கையால போட்டது. நானே குடிக்கிறேன்" என்று மேடம் குடத்தை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க! செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றாள் குருவம்மா.

மேடம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். சென்றாயன் ஊற்ற ஊற்றக் கை நிறைய வாங்கிக் குடித்தார். கூட்டம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. குடித்துவிட்டு முந்தானையில் வாயைத் துடைத்தார். யாரோ பின்னாலிருந்து, "உசுரோடதான் இருக்காக" என்றதும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சென்றாயன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இது ஆத்தா காட்டுனது இல்லையாம்மா?"

மேடம், "பொடி போட்டது நான்யா. ஆனா நான் தேடுனது வேற பக்கம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

முருகேசன் அப்பா பக்கத்தில் வந்து நின்றான். "அப்பா, குழிய வேற இடத்துல தோண்டிக்கச் சொல்லுங்க. வேலை போயிரும்ப்பா."

"அந்தக் கரட்டையே நம்ப முடியல இப்ப. எந்தப் பக்கம் தோண்டினாலும் என்னால உறுதி சொல்ல முடியாது தம்பி" என்றார் மேடம்.

சென்றாயன் குடத்துக்குள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்தார். "ஏலே, அங்கன சம்பளம் வாங்கிட்டு வருவ. வீட்டுல வந்து எந்தத் தண்ணியக் குடிப்ப?"

சென்றாயன் மேடத்திடம், "எழுதுங்கம்மா. நான் பாத்தேன்னு என் பேரையும் போட்டுக்கங்க" என்றார். பிறகு திரும்பி, "என்னப்பா மேளம்? பொங்கல் பொங்க வேணாமா?" என்று அதட்டினார். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

5. கூடுதல் பாட்டில்

அந்த இடம் வேண்டாம் என்று மேலே முடிவாயிற்று. முகாம் வேறு எங்கோ போனது. கரட்டுப்பட்டிக்கு ரோடு வர வெகுகாலம் ஆயிற்று. முருகேசன் மலை தாண்டி ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போனான். அதன்பிறகு நான் சென்றாயனைப் பார்க்கப் போனபோதெல்லாம் சுனைத் தண்ணீர்தான் கொடுப்பார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. நானாகக் கேட்டால், "நல்லா இருக்கான், வருசத்துக்கு ஒருக்க வருவான்" என்பார்.

ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. ஏன் சரியாகப் பொங்கல் அன்று? மேடத்திடம் கேட்டேன். "பச்சை என்னைக்கு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? கல்லு மூடி இருந்துச்சே. தெனம் மொண்டிருந்தா கலஞ்சு வெளிறிப்போய்க் கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது. தொடாம வெச்சதாலதான் தங்கி நின்னுச்சு" என்றார்.

ஆக, காப்புக் கட்டியதால்தான் பார்க்க முடியாமல் போனது, காப்புக் கட்டியதால்தான் பார்க்கவும் முடிந்தது. இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

அதிலிருந்து மேடம் எந்த வேலைக்குப் போனாலும் ஒரு பாட்டில் கூடுதலாக எடுக்கச் சொல்வார். தண்ணீர் வரவே வராது என்று நாங்கள் சத்தியம் செய்யும் இடத்துக்கு அந்தப் பாட்டில். ரிட்டயர் ஆகும்வரை நானும் அப்படியே செய்தேன். பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான் வந்தது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்: அந்த ஒரு பாட்டிலை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் சந்தோஷப்படுவேன். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். சாமி இல்லை என்பவர்களிடம் சொல்லும்போது குலவையை விட்டுவிடாதீர்கள். கோயிலில் சொல்லும்போது பொடியை விட்டுவிடாதீர்கள். எங்கே சொன்னாலும், மகனின் வேலை போகும் என்று தெரிந்தே தன் பேரைப் போடச் சொன்ன சென்றாயனை விட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் அந்த ஆள் சொன்ன கதையில் அவர் இல்லவே இல்லை.