யூரியாப் பையில் புழு உரம்

வெடிமருந்து செய்யலாம் என்று அரசாங்கம் யூரியாவைத் தடை செய்திருந்த யுத்த காலம். சாம்பல்தீவில் எங்கள் மிளகாய்த் தோட்டம் உரமில்லாமல் மஞ்சளித்துக் கிடந்தது. விவசாய வகுப்பொன்றுக்குப் போய்வந்த என் கணவர் வளவுக்குள் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி மண்புழு விட்டார். அரிசி ஆலையில் ஒதுக்கும் பழுதான தவிடு, மீன்வாடியில் வீசும் தலை, குடல் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிவந்து, சாணியோடு குழைத்து ஆறவிட்டுப் புழுவுக்குத் தீனியாகப் போட்டார்.

முதல் தரம் கருவாட்டுக் கழிவை உப்போடு போட்டதில் அவ்வளவு புழுவும் செத்துப்போயின. மனிசன் அன்றைக்குச் சோறு தொடவில்லை.

"செத்தவீடெண்டால் சொல்லுங்கோ, நானும் வந்து அழுகிறன்" என்றேன். என் வாய் அப்படி. அவர் சிரித்துவிட்டார். அடுத்த தரம் எல்லாவற்றையும் உப்புப் போகக் கழுவிப் போட்டார். சில மாதங்களில் தேயிலைத் தூள் மாதிரி உரம் வந்தது, மிளகாய்க் கன்றுகள் நிமிர்ந்தன.

பட்டணத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம் செய்த என் அண்ணனுக்கும் ஒரு மூட்டை கொடுக்க ஆசைப்பட்டேன்.

"நாளைக்குக் கொண்டு போறன்" என்றார் கணவர்.

"உங்கட நாளைக்கு எப்ப விடியிறது? அதுக்குள்ள அண்ணன்ர கன்றெல்லாம் பட்டுப்போம்" என்று விரட்டினேன். உரத்தை நானே அள்ளி ஒரு பழைய யூரியாப் பையில் கட்டி, அன்றைக்கே அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். எங்கள் ஊரில் நெல் கட்டுவதும் தேங்காய் கட்டுவதும் மழைக்குத் தலையில் போடுவதும் அந்தப் பைதான். அதில் அச்சடித்திருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

இராணுவச் சோதனைச் சாவடியில் வாசித்தார்கள். பையோடு அவரையும் இறக்கி உள்ளே கொண்டுபோனதை, அதே பஸ்ஸில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து சொன்னா.

தொட்டியில் மிச்சமிருந்த உரத்தை ஒரு கோப்பையில் அள்ளிக்கொண்டு சாவடிக்குப் போனேன். "ஐயா, இது புழு உரம். மணந்து பாருங்கோ" என்று கும்பிட்டேன். தமிழ் தெரிந்த ஒரு இராணுவக்காரர் கோப்பையையும் பார்த்தார், உள்ளேயிருந்து பையைக் கொண்டுவரச் சொல்லி அதையும் அவிழ்த்துப் பார்த்தார்.

"இது மண்தான். கொண்டு போங்க" என்றார்.

"அவர் எங்க ஐயா?"

"அப்படி ஒரு ஆளை நாங்க பிடிக்கேல்ல."

நாளைக்குப் போகிறேன் என்ற மனிசனை அன்றைக்கே துரத்தியவள் நான். அந்தப் பையைத் தலையில் சுமந்துகொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தேன்.