எப்போதும் இருபத்தேழு டிகிரி

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போனபின் தனியாக இருக்கிறேன். அவள் குரல் பதிவுகள் என் பழைய லேப்டாப்பில் மட்டுமே இருந்தன. அது சூடாகிறதா என்று கவனிக்க, லினக்ஸ் திரையின் ஓரத்தில் நிலவரம் காட்டும் காங்கி என்ற சிறு மென்பொருளைப் போட்டேன். அதற்கான அமைப்புக் கோப்பை இணையத்திலிருந்து அப்படியே நகலெடுத்தேன். எப்போதும் இருபத்தேழு டிகிரி காட்டியது. நிம்மதியாக இருந்தேன்.

ஒரு மே மாத மதியம், புனேயிலிருக்கும் மகள் போனில் வீடியோ கால் செய்தபோது பெருமையாகத் திரையைக் காட்டினேன்.

"ரூமே நாப்பது டிகிரி இருக்கும்பா. லேப்டாப் மட்டும் எப்படி இருபத்தேழு?"

அடியில் கைவைத்தேன், சுட்டது. உடனே அணைத்தேன். கோப்பில் இருந்தது வேறொரு சென்சாரின் எண் என்று பிறகுதான் தெரிந்தது. சரியான எண்ணை எழுதியதும் சூடு எண்பது டிகிரியைத் தாண்டியது. விசிறியில் தூசி அடைத்திருந்தது. நல்லவேளை, பதிவுகள் தப்பின.

இப்போது பதிவுகளுக்கு மகளிடமும் ஒரு நகல் இருக்கிறது. லேப்டாப்பைத் தினமும் தொட்டும் பார்க்கிறேன்.

மகள் தினமும், "நல்லா இருக்கீங்களாப்பா?" என்று கேட்பாள். ஆமாம் என்பதற்கு லாலாகுடாப் பக்கம் சொல்லும் 'ஹவ்' சேர்த்து, மூன்று வருடங்களாக ஒரே பதில்தான்: "ஹவ்மா, நல்லா இருக்கேன்."

நேற்று மாலை கேட்டபோது, "காலைலேந்து உன்கூடதாம்மா முதல்ல பேசறேன்" என்றேன்.