நீலச் சட்டியில் விட்டுவைத்த கறை

1. புளி வேண்டாம்

தம்பானூரில் ஒரு ஹோட்டலின் பாத்திரம் கழுவும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே திட்டு வாங்கினேன். வலியசாலையில் வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் பாத்திரம் என்றால் பித்தளை, பித்தளை என்றால் புளி. அன்று சிங்க்கில் ஒரு சிவப்பு எனாமல் சட்டி அடிப்பிடித்துக் கருகிக் கிடந்தது. ஒரு கையில் புளி உருண்டை, மறு கையில் ஸ்டீல் ஸ்க்ரப்பர் என்று நான் தயாராக நின்றபோது செஃப் குறுப்பு சார் ஓடி வந்தார்.

"அய்யோ சாந்தே, புளி வேண்டா! இது பித்தளை அல்லா. உள்ள பூசியிருக்கறது கண்ணாடி மாதிரியாக்கும். கீறினா போச்சு, கேட்டோ!"

புளியைப் பிடுங்கிக்கொண்டு போனவர், அதை மீன் கறிக்குக் கரைத்துவிட்டார்.

இப்படி எனாமல் பூசிய காஸ்ட் அயர்ன் சட்டியில் கருகல் ஏறினால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீரில் சமையல் சோடாவைப் போட்டுச் சின்னத் தீயில் கொதிக்க விட வேண்டும். அணைத்துவிட்டுத் தானாக ஆற விட வேண்டும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எனாமல் விண்டுவிடும். பிறகு மரக் கரண்டியால் தள்ளிப் பார்க்க வேண்டும். வராத இடத்தில் சோடாவைக் குழைத்துப் பூசி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போக வேண்டும். எங்கள் பிரிவில் இப்படி ஊறப்போடுவதற்கு 'சோக்' என்று பெயர். பால் பொங்குவதற்குள் மூன்று தடவை எட்டிப் பார்க்கிற ஆள் நான். எனக்குப் பொறுமை என்று ஏதாவது இருந்தால் அது அந்தச் சட்டிகள் கொடுத்தது.

அந்த இடத்தை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. சிங்க்கிலிருந்து எழும் ஆவி, பின்கட்டு ஜன்னல் வழியாக ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு, நடுநடுவே குறுப்பு சாரின் கூச்சல். எந்த வண்டி எவ்வளவு லேட் என்று பயணிகளுக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும்.

2. மெர்சி கொண்டுவந்தது

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, லாண்டரியில் வேலை பார்த்த மெர்சி ஒரு பையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். உள்ளே பழைய நீல எனாமல் சட்டி. அவளுடைய அப்பா சாமுவேல், வித்துரா தாண்டி மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த சட்டி அது. சாமுவேல் அப்போது மகளோடு நகரத்தில் இருந்தார். ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போய்வந்து அதில் தேங்காய்ப்பால் விட்டு ஆட்டிறைச்சி இஷ்டு வைப்பார். வீட்டில் அவர் செய்கிற ஒரே வேலை அதுதான்.

"அக்கா, இத புதுசு மாதிரி ஆக்கித் தரணும். கிறிஸ்மஸுக்கு ஆளுக வராங்க, மேசைல வைக்கணும். அப்பாகிட்ட சொல்லல, கேட்டியளா. பாத்தா சந்தோஷப்படட்டும்."

அடியில் கருகலும் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்குமாக எத்தனையோ வருடத்துச் சமையல் படிந்திருந்தது. இரண்டு சோக்கில் அடி வெளுத்து, மோர் நிறத்தில் எனாமல் எட்டிப் பார்த்தது. சட்டியின் பாதி உயரத்தில் ஒரு பழுப்பு வளையம் மட்டும் அசையவில்லை. மூன்றாவது சோக்கில் அதிலும் ஒரு பக்கம் உரிந்தது.

மெர்சிக்கு அவசரம். "பிளேடு வச்சுச் சுரண்டினா வராதாக்கா?"

"என் கையால மாட்டேன். ஊறட்டும்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். என் கையிலிருந்து கறையோடு ஒரு பாத்திரம் போனதில்லை. மறுநாள் காலை, மிச்ச வளையத்துக்கும் சோடாவைக் குழைத்துக்கொண்டிருந்தேன். பின்கேட்டில் ஆட்டோ வந்து நின்றது.

3. விரல்

சாமுவேல் ஐயா சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். "என் சட்டிய இரும்புக்காரன்ட்ட போட்டுட்டாளா?" மெர்சி அவர் கையைப் பிடித்து நடத்தி வந்தாள். அலமாரியில் சட்டி இல்லை என்று தெரிந்ததிலிருந்து அவர் காபிகூடக் குடிக்கவில்லையாம்.

"இங்கதான் இருக்கு ஐயா, பத்திரமா" என்று சட்டியை அவர் முன்னால் வைத்தேன். பளபளவென்றிருந்த அடியை அவர் குனிந்து பார்க்கவே இல்லை. கையை உள்ளே விட்டு, சுவரோடு விரலை ஓட்டினார். உரிந்த பக்கத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகம் வெளிறிவிட்டது. மறுபடி ஓட்டினார். மிச்சமிருந்த வளையம் தட்டியதும் விரல் நின்றது.

"ஹாவூ, இருக்கு. இவ்வளவு மதி, போதும் மக்ளே. இனி இதத் தொடாத."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அது கறைல்லா ஐயா?"

"கறைதான். எறச்சியும் ரெண்டாம் பாலும் இந்த வரைக்கும் ஊத்திட்டாக்கும் அடுப்புல வைக்கது. இது இல்லேன்னா பால் எங்க நிக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மெர்சி அவரையே பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு உள்ள ஒண்ணும் தெரியலியா? டாக்டர்ட்ட கண்ணு கொஞ்சம் மங்கல்னுதானே சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொன்னா நீ அடுப்புப் பக்கம் விடுவியா?"

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் குழைத்து வைத்திருந்த சோடாவை எடுத்துச் சிங்க்கில் கொட்டினேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஊறப்போடுவதற்கு முன்னால், அதில் சமைக்கிறவர் யார் என்று கேளுங்கள். முடிந்தால் அவரிடமே கேளுங்கள்.

கிறிஸ்மஸுக்கு ஐயாதான் இஷ்டு வைத்தாராம், மெர்சி பக்கத்தில் நின்றாளாம். சட்டி காலியானதும் ஒரு விருந்தாளி உள்ளே பார்த்துவிட்டு, "கொஞ்சம் அழுக்கு போகல போலிருக்கே" என்றாராம்.

"அது நான் விடச் சொன்னது" என்றாளாம் மெர்சி.