இலையிலிருந்து எழுப்பியவருக்கு ஊட்டிய பால்

நினைவிழந்து கிடப்பவரிடம் "பாக்சிக், மக்கான் டுலு" என்று சொல்லிவிட்டே இந்த மலேயா நாட்டுச் செவிலியர் மூக்குக் குழலில் பாலைச் செலுத்துகின்றனர். 'பெரியவரே, முதலில் உண்ணுங்கள்' என்பது அதன் பொருள். கேட்பதற்குச் செவி விழித்திருக்கவில்லை. மெல்லுவதற்கு வாய் அசையவில்லை. ஆயினும் அழைப்பின்றி உணவில்லை. தஞ்சை மண்ணில் இருந்து இக்கடிதத்தைப் படிக்கும் உறவினராகிய உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தீவிர மருத்துவப் பிரிவுக்குள் முதன்முதலாக நுழைந்த அன்று எனக்கும் வியப்பாகவே இருந்தது. இங்குள்ள நம்மவரும் காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்றே சொல்வர். தெருவில் எதிர்ப்படுவோர் நலம் வினவுவதற்கு முன் பசியாறியாயிற்றா என்றுதான் வினவுவர். உண்ண அழைப்பதில் இத்துணை நயமுள்ள நாட்டில்தான், உண்டுகொண்டிருந்த இலையிலிருந்து நான் எழுப்பப்பட்டேன். என்னை எழுப்பியவர்தாம் இப்போது அந்தக் கட்டிலில் கிடந்தார்.

அவர் பெயர் தர்மலிங்கம். சுங்கை லாலாங் பக்கத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் தலைமை எழுத்தர். தோட்ட வழக்கில் 'பெரிய கிராணி'. நான் அத்தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். எழுபதுகளின் தொடக்கம் அது. 'ஐசி' எனப்படும் அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு நிறம். அதை வைத்திருப்போர் வேலை செய்வதற்குத் தனி இசைவு பெறவேண்டும் என்றாகிவிட்டிருந்தது. இசைவு கிட்டாத குடும்பங்கள் தட்டுமுட்டுகளைக் கட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறின. என் அட்டையும் சிவப்பு. அந்த ஆண்டில், தோட்டத்து வேலையாள்களை மேற்பார்க்கும் தண்டல் ஒருவரின் மகள் திருமணத்தில் முதற்பந்தியில் அமர்ந்திருந்தேன். குழம்பு ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் உண்டிருப்பேன். தோட்டத்துத் துணை மேலாளரின் நண்பர்கள் வந்திறங்க, கிராணியார் என் பின்னால் வந்து நின்றார்.

"வாத்தியாரே, கொஞ்சம் எந்திரிங்க. சின்ன துரை கூட்டாளிங்க வந்திருக்காங்க."

"உண்டு முடித்ததும் எழுகிறேன்" என்றேன்.

"கப்பலேறப் போற செவப்பு ஐசிக்கு மொதப் பந்தி என்னாத்துக்கு? ஊருக்குப் போயி காலை நீட்டி ஒக்காந்து சாப்பிடுங்கலா!"

பந்தி முழுவதும் சிரித்தது. பிசைந்த சோறு விரல்களில் ஒட்டியிருக்க எழுந்தேன். எதிர்வரிசையில் பெண்களோடு அமர்ந்திருந்த என் மனைவி தையல்நாயகியும் எழுந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், "அக்கா, நீங்க ஒக்காருங்க, ஆம்பளைங்க பேச்சு நமக்கெதுக்கு" என்று அவள் முந்தானையைப் பிடித்தனர். "என் எலைய அவரு எலையோட சேத்து எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். வீடு வந்து சேர்ந்ததும் என் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த ஆளு ஒரு நாளு ஒங்க கையால திங்கணும். தின்னாருன்னு நீங்க வந்து சொல்லணும். நான் கேக்கணும்."

கற்றோர் இதைச் சாபம் என்று ஒதுக்குவர். நான் ஒதுக்கவில்லை, நோன்பாகவே ஏற்றேன். பின்னர் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. நகரத்துப் பள்ளிக்கு மாறினேன். பீடோங் சந்தையில் அவ்வப்போது அவரைக் காண்பேன். "வாத்தியாரே, சௌக்கியமா? பசியாறியாச்சா?" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வாய்நிறையக் கேட்பார். அன்று நடந்தது அவர் நினைவில் இல்லை. அதுவே எனக்கு அவமதிப்பினும் பெரிய அவமதிப்பாயிற்று. அடித்தவன் மறந்துவிட்டால், அடிபட்டவன் இருவர் நினைவையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலையில் அவர் மனைவி செல்லம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கிராணியார் மூளையில் குருதிக்குழாய் வெடித்து விழுந்துவிட்டாராம். பிள்ளைகள் கடல் கடந்த நாடுகளில். "வாத்தியாரண்ணே, டாக்டரு இங்கிலீசுல பேசுறாரு, நர்சு மிஸ்ஸி மலாய்ல பேசுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க வந்து கேட்டுச் சொல்லணும்ணே" என்று கைகூப்பினார். நான் வாய் திறக்குமுன் உள்ளிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது: "போங்க. கண்டிப்பாப் போங்க." அக்குரலில் இரக்கம் இருந்ததாகச் செல்லம்மா எண்ணியிருப்பார்.

மருத்துவப் பிரிவில் இருவகையாக ஊட்டினர். கிராணியாருக்குச் சொட்டுமுறை: தலைக்குமேல் தொங்கிய புட்டியிலிருந்து பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த நீர்மம் பகலும் இரவும் ஓயாமல் குழலில் இறங்கியது. அடுத்த கட்டிலில் கிடந்த மலாய் மீனவருக்கு வேளைமுறை: குறித்த நேரங்களில் செவிலி வந்து, குழலின் முனையில் ஊசிக்குழாயைப் பொருத்தி, ஒரு வேளைக்குரியதை ஊற்றிவிட்டுப் போவார், இடையில் வயிறு ஓய்ந்திருக்கும். எனக்கு நம் ஊர்ச் சிவன்கோயில் நினைவுக்கு வந்தது. கோடையில் இலிங்கத்தின்மேல் தாராபாத்திரம் கட்டி ஓயாது நீர் சொட்ட விடுவோம். அதே இறைவனுக்குக் காலம் தவறாமல் வேளைக்கு வேளை திருவமுதும் படைப்போம். சொட்டுக்கு ஆள் வேண்டா. துளையிட்ட கலயம் போதும். அமுதுக்கோ ஏந்தி நிற்க ஒரு கை வேண்டும். பிறர் வடித்த இரப்பர்ப் பாலை வாழ்நாளெல்லாம் நிறுத்துக் குறைசொல்லி வந்தவருக்குள், இப்போது யார் கையும் படாமல் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி என் நெஞ்சுக்கு ஒருவாறு இனித்தது. ஆயினும் அது நான் காத்திருந்த காட்சியன்று. புட்டி ஊட்டியதை யார் ஊட்டியதாகக் கொள்வது?

செல்லம்மாவின் மனக்குறை வேறு. "மூணு வேளையும் வாழையெலையில போட்டுச் சாப்பிட்ட மனுசன்ணே. இப்பிடிச் சொட்டுச் சொட்டா விட்டா பசி எப்பிடி ஆறும்? பக்கத்து அங்கிளுக்கு ஊத்துற மாதிரி இவருக்கும் ஊத்தச் சொல்லுங்கண்ணே." அவர் அன்பினால் கேட்டார். நான் பகையினால் அதையே விரும்பினேன். அன்றுபோல் என் ஆங்கிலம் என்றும் ஒழுகியதில்லை.

மருத்துவர் ஒரு சீன இளைஞர், பொறுமையாக விளக்கினார். சிறிது சிறிதாகச் சொட்டினால், சோர்ந்த இரைப்பை ஏற்றுக்கொள்ளும். உணவு மேலெழுந்து நுரையீரலுக்குள் புகும் அச்சம் குறைவு என்று கருதுவோர் உளர். வேளைக்கு ஊற்றினால் இயல்பான உணவுமுறைக்கு அணித்தாகும். நோயாளியைப் புரட்டவும் எழுப்பி அமர்த்தவும் எளிது என்போரும் உளர். எது மேல் என்று அறுதியிட்டுச் சொல்லத் தம்மால் இயலாது என்றார். ஒவ்வொரு வயிறும் என்ன சொல்கிறது என்று பார்த்தே தாம் முடிவு செய்வதாகவும் கூறினார். பிறகு என் தோளைத் தொட்டு, "உங்கள் சமூகத்தில் நட்பு இவ்வளவு ஆழமானதா!" என்றார். நான் தலைகுனிந்தேன். அதை அடக்கமாக எடுத்துக்கொண்டார்.

வயிறுகள் தம் முடிவைச் சொல்லின. மீனவர் ஊற்றியதை வாந்தியெடுக்கவே அவரைச் சொட்டுக்கு மாற்றினர். கிராணியாரின் இரைப்பையோ பழைய பால் தேங்காமல் வெறுமையாகி வந்ததால், அவருக்கு வேளைமுறை வாய்த்தது. ஊற்றும் விதத்தைச் செவிலி ரோகாயா செல்லம்மாவுக்குக் கற்பித்தார். அம்மையார் ஊசிக்குழாயை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்களே ஊத்துங்க" என்றார். இத்தனை ஆண்டு காத்திருந்த சொல் அவர் வாயிலிருந்தே வந்தது.

நாள்தோறும் முற்பகல் வேளைக்கு நான் போனேன். ரோகாயா கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, குழல் இடத்தில் இருக்கிறதா என்று சோதித்த பின்னரே பாலை என் கையில் தருவார். "அபாங் டியா?" என்று ஒருநாள் கேட்டார், அவருடைய அண்ணனா என்று. "புக்கான்" என்றேன், அல்லன் என்று. "உறவில்லாதவருக்கா இவ்வளவு? பாக்சிக் பாயிக் ஹாத்தி" என்று நெஞ்சில் கைவைத்தார். நல்ல மனம் உடையவனாம் நான். திருத்துவதற்கு ஏற்ற மலாய்ச்சொல் என்னிடம் இல்லை; இருந்தாலும் திருத்தியிரேன். எனினும் அந்நாள்களில் எனக்கு நிறைவு இல்லை. மூடிய கண்களுக்கு ஊட்டுவது கற்சிலைக்கு ஊட்டுவது போன்றது. அவர் விழிக்க வேண்டும் என்று செல்லம்மா மாரியம்மனை வேண்டினார். அவரினும் கடுமையாக நான் வேண்டினேன்.

விழித்தார். பாதிக்குமேல் பால் இறங்கியிருந்த வேளையில் கண்கள் திறந்து என் முகத்தில் நின்றன. 'வாத்தியார்' என்று அறிந்துகொண்ட பார்வை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. நான் அவர் காதருகே குனிந்தேன். "கிராணியாரே, கப்பலேறாத சிவப்பு அட்டைக்காரன் வந்திருக்கிறேன். இது முதற்பந்தி. உண்ணுங்கள்" என்றேன்.

பிறகு அந்தப் பார்வை மாறியது. அவர் மறந்திருந்தது அனைத்தும் திரும்பி வருவதை நான் மிக அருகிலிருந்து கண்டேன். வலக்கை செயலற்றுக் கிடந்தது. இடக்கை மெல்ல எழுந்து, மார்புக்குமேல் உள்ளங்கை கவிழ்ந்து நின்றது. இலைக்குமேல் கைமறித்துப் 'போதும்' என்னும் பந்திக் குறி அது. நான் ரோகாயாவைப் பார்த்தேன். அவர் கிராணியாரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "ஓக்கே, ஹாபிஸ்கான்" என்று புன்னகைத்தார், முடித்துவிடுங்கள் என்று. எஞ்சியிருந்த பாலைக் கடைசித் துளிவரை ஊற்றினேன். பாதியில் எழ அவரை நான் விடவில்லை.

அவர் பிழைத்து வீடு திரும்பினார். அதுவே என் விருப்பமும். என் கையால் உண்டதை எண்ணிக்கொண்டு அவர் நெடுநாள் வாழவேண்டும்.

அவர் கண் விழித்த அன்று நான் வீட்டுக்கு வந்ததும் தையல்நாயகி கேட்டாள்: "தின்னாரா?"

"உண்டார். கண் திறந்து உண்டார். போதும் என்று கை காட்டினார்."

"நீங்க?"

"விடவில்லை."

"கைய கழுவிட்டு வாங்க" என்றாள். கொல்லை வாழையில் இலை அறுத்துவந்து விரித்தாள். அந்தத் திருமணத்திற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாழையிலை விரிந்ததில்லை. இலை இந்த மண்ணில் முளைத்தது. அதன் ஓரத்தில் அவள் வைத்த நார்த்தங்காய் நீங்கள் அனுப்பியது. உண்டுகொண்டிருக்கையில், முன்பொருமுறை தம்பி மகள் திருமணத்துக்காக நான் நம் ஊருக்கு வந்திருந்தது நினைவுக்கு வந்தது. 'மலேயாக்காரர்' என்று என்னை முதற்பந்தியில் விருந்தினரோடு அமர்த்தினீர்கள். வீட்டு ஆண்கள் அனைவரும் வாளியேந்திப் பரிமாற, என் கையில் மட்டும் ஒரு வாளியைத் தரவில்லை. போகிறவன் என்று ஒரு பந்தியில் எழுப்பினர். போய்விட்டவன் என்று மறு பந்தியில் அமர்த்தினீர்கள்.

ஒரு பருக்கையும் விடாமல் உண்டு முடித்தேன். உறவு தொடர வேண்டுமெனில் இலையைத் தன்பக்கமாக மடிக்க வேண்டும், அறுந்ததெனில் எதிர்ப்பக்கமாக. "எந்தப் பக்கமா மடிக்கப் போறீங்க?" என்றாள் தையல்நாயகி. இலையின் விளிம்பைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. இரண்டு பந்திகளும் என் எதிரில் தெரிந்தன.