ஐம்பது டிகிரிப் பொய்

அந்த உலையை உள்ளங்கையில் வைத்துவிடலாம். எக்ஸ்ரே கருவியின் நடுவில் பொருத்தும் சின்ன உலோகக் கூடு. உள்ளே மெல்லிய பிளாட்டினம் பட்டை. பட்டையின் மேல் ஒரு சிட்டிகைத் தூளைப் பரப்பி, மின்சாரம் செலுத்திச் சிவக்கச் சிவக்கச் சூடேற்றினால், படிகத்தின் அமைப்பு எந்த வெப்பத்தில் மாறுகிறது என்று எக்ஸ்ரே காட்டிவிடும். எனக்கு அந்த உலையைப் பிடிக்கும். எங்கள் ஆய்வகத் தலைவரைப் பிடிக்காது. இன்றும் பிடிக்காது.

திருச்சியிலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்து புக்கிட் மேராவில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை பாஸ், இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி, நீளும். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். "மெஷின் காட்டுறத எழுதும்மா. உன் கருத்த யாரு கேட்டா?" என்பார், கோப்பியை உறிஞ்சியபடி.

ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை, தன் சூளையின் உட்புறத்துக்கு வாங்கிய பீங்கான் எந்த வெப்பம் வரை தாங்கும் என்று கேட்டிருந்தது. புதிய பட்டை மாட்டினால் முதலில் குவார்ட்ஸ் தூளை வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். குவார்ட்ஸ் எந்த ஊரிலும் 573 டிகிரியில்தான் மாறும். "டைம் இல்ல லா" என்று சார் அதை விட்டுவிடச் சொன்னார். அறிக்கை போன பிறகு, மனம் கேட்காமல் ஒரு மதிய இடைவேளையில் நானே வைத்துப் பார்த்தேன். குவார்ட்ஸ் மாறியபோது திரை 620க்கு மேல் காட்டியது. வெப்பமானி பட்டையின் அடியில், தூள் மேலே. ஐம்பது டிகிரி கூடுதலான பட்டையின் சூட்டைத்தான் தூளின் சூடு என்று எழுதியிருந்தோம். எங்கள் எண்ணை நம்பினால் அந்தப் பீங்கான் வெடிக்கும்.

அந்தக் குவார்ட்ஸ் வரைபடத்தைச் சாரிடம் காட்டினேன். "ரிப்போர்ட் போயிருச்சு. வேற யார்கிட்டயும் காட்டாத" என்றார்.

சில மாதங்களில் சூளையின் உட்சுவர் விரிசல் விட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. தொழிற்சாலைக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது சார் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு என்னைக் கைகாட்டி, "கேலிப்ரேஷன் இவங்கதான் பண்ணாங்க. நான் நம்பிட்டேன்" என்றார். வரைபடம் என் பையில்தான் இருந்தது. பாஸை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடியும் அவர் பாஸை நீட்டிக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். வேறொரு ஆய்வகம் என்னைத் திரும்ப அழைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

போன மாதம் காத்தோங் கோவிலில் சாப்பாட்டு வரிசையில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். பக்கத்தில் மனைவி. "என் ஸ்டூடண்ட். நான் வளத்துவிட்ட பொண்ணு" என்று என்னை அறிமுகப்படுத்தினார், கூசாமல்.

"இல்ல ஆன்ட்டி" என்றேன். "சார் தான் செஞ்ச தப்ப என் பேர்ல எழுதி என்னை ஊருக்கு அனுப்பிட்டாரு."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். நான் நகரவில்லை. சார் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று கேட்க, எனக்கு நேரம் நிறைய இருந்தது.